தண்ணீர் இறங்காத மைதானம்

புல் எப்படி நடுவது, எந்த உயரத்தில் வெட்டுவது, உரம் எப்போது தூவுவது என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதற்கு உங்களுக்குப் பயிற்சி வகுப்பு இருக்கிறது, கையேடு இருக்கிறது, போதாததற்கு ஃபோனிலேயே எல்லாம் வந்துவிடுகிறது. எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது என்று பெருமூச்சு விடவும் நான் உட்காரவில்லை. கிடைத்திருந்தாலும் நான் படித்திருக்க மாட்டேன். அந்த வயதில் எனக்குத் தலைக்கனம் அவ்வளவு.

மைதான வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது ஒரே ஒரு தப்பைப் பற்றி. அதை நான் எப்படிச் செய்தேன், செய்துவிட்டு அடுத்தவர் தலையில் எப்படிக் கட்டினேன், பிறகு என்ன ஆயிற்று என்பதைப் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை. சிரிக்க வேண்டிய இடங்களும் இதில் உண்டு.

சுனாமி வந்த அடுத்த வருஷம் அது. மரக்காணத்துக்கும் கூனிமேட்டுக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஓர் அறக்கட்டளை புதிதாகக் கால்பந்து மைதானம் கட்டிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் பார்வையாளர் படிகள், இன்னொரு பக்கம் உடை மாற்றும் அறைகள், நடுவில் வெறும் பொட்டல். அந்தப் பொட்டலைப் புல்தரையாக்கும் பொறுப்பு என்னுடையது. அதற்கு முன் சென்னையில் ஒரு கல்லூரி மைதானத்தைப் பதினெட்டு வருஷம் பார்த்துக்கொண்டவன் நான். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா ஆட்டம். அது நல்லபடியாக நடந்துவிட்டால் மைதானத் தலைவர் என்ற நிரந்தர வேலை எனக்கு என்று பேச்சு.

சுற்றிலும் உப்பளம். நல்ல தண்ணீர் என்றால் இரும்பை என்ற ஊர்ப் பக்கத்துக் கிணறுகளிலிருந்து டேங்கரில் வர வேண்டும். கூனிமேட்டைச் சேர்ந்த ஒரு பாய் டேங்கர் ஓட்டுவார். நான் ஒவ்வொரு லோடிலும் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துப் பார்ப்பேன். பாய்க்கு அது பெரிய வேடிக்கை. "சார், நீங்க புல்லுக்குத் தண்ணி வுட்றீங்களா, மாப்பிள்ளைக்கு விருந்து வெக்கிறீங்களா?" என்று கேட்பார். ஒரு நாள் அவசரத்தில் கிட்டத்தில் இருந்த வேறு கிணற்றில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். ஒரு வாய் குடித்ததுமே கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினேன். அன்றிலிருந்து பாய் என்னைப் பற்றி ஊரெல்லாம் புகழ்ந்தார். எனக்கும் அது பிடித்திருந்தது. என்னை ஏமாற்ற முடியாது என்ற நினைப்பு எனக்கு அப்படித்தான் முற்றியது.

மைதானத்தின் அடியில் ஆற்று மணல், அதில் வடிகால் குழாய்கள். மணலுக்கு மேல் ஒரு சாண் செம்மண். செம்மண்ணுக்கு மேல் மணலும் எருவும் கலந்த மண், அதில்தான் புல். மழை பெய்தால் தண்ணீர் மேல் மண்ணில் இறங்கி, செம்மண்ணைக் கடந்து, மணலுக்குப் போய், குழாய் வழியே வெளியேற வேண்டும். மேலே மேடு பள்ளம் இருக்கக் கூடாது என்றால் செம்மண் தளம் பிசிறில்லாமல் மட்டமாக இருக்க வேண்டும். நான் கூட்டிவந்த ஆட்கள் இரண்டு முறை போட்டும் மட்டம் வரவில்லை.

அப்போதுதான் தேசிங்குவைப் பற்றிப் பாய் சொன்னார். உப்பளத்தில் பாத்தி போடும் மேஸ்திரி. ஐம்பது வயது இருக்கும். அவர், அவர் மனைவி கோவிந்தம்மா, கூட இன்னும் பதினாறு பேர். உப்புப் பாத்தி என்பது கண்ணாடி மாதிரி மட்டமாக இருக்க வேண்டும். ஒரு விரல் சாய்ந்தால் தண்ணீர் ஒரு மூலையில் தேங்கி, உப்பு ஒரு பக்கம் விளையும், மறுபக்கம் விளையாது. அந்த வருஷம் கடல் தண்ணீர் புகுந்து நிறைய வரப்புகள் உடைந்து, சேறு ஏறி, பாதி உப்பளங்கள் சும்மா கிடந்தன. அதனால் அப்படிப்பட்ட கைகாரர்கள் சும்மா இருந்தார்கள். ஆடி மாதத்தில் பதினெட்டுப் பேரும் மைதானத்துக்கு வந்தார்கள்.

வந்த அன்று தேசிங்கு மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். செம்மண்ணைக் கையில் அள்ளிப் பிசைந்து பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"சார், ஒண்ணு கேக்கணும். இதுல வுட்ற தண்ணி நிக்கணுமா, எறங்கணுமா?"

அந்த நேரம் நான் புல் நாற்று வரவேண்டிய லாரி எங்கே மாட்டிக்கொண்டது என்று ஃபோனில் கத்திக்கொண்டிருந்தேன். ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னேன். "உங்க பாத்திய எப்படிப் போடுவீங்களோ அப்படியே போடுப்பா. அதுக்குத்தான உங்கள வரச் சொன்னது."

"அப்படியேவா சார்?"

"அப்படியேதான்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மைதான வேலையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று என்றால் அது அவர் கேட்ட கேள்விதான். பதினெட்டு வருஷம் அனுபவம் உள்ளவன் என்று பீற்றிக்கொண்ட எனக்குத் தோன்றாதது, மைதானத்தையே அதுவரை பார்த்திராத மனுஷனுக்கு வந்த ஐந்தாவது நிமிஷத்தில் தோன்றிவிட்டது. நான் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

அவர்கள் வேலை செய்ததைப் பார்க்க வேண்டுமே. செம்மண்ணை மாவு போல் உடைத்துப் பரப்பினார்கள். லேசாகத் தண்ணீர் விட்டார்கள். பிறகு வரிசையாக நின்று, ஒரு கோல் போஸ்டிலிருந்து மறு கோல் போஸ்ட் வரை, அடிமேல் அடி வைத்து மிதித்துக்கொண்டே போனார்கள். குதிகால் முதலில், பிறகு விரல். ஒருவர் மிதித்த தடத்தின் ஓரத்தை அடுத்தவர் மிதிப்பார். பலகையால் இழுப்பார்கள். ஒரு நாள் காயவிட்டு மறுபடி தண்ணீர், மறுபடி மிதி. பன்னிரண்டு நாளில் தளம் முடிந்தது. ரசமட்டத்தை எங்கே வைத்தாலும் குமிழி அசையாமல் நடுவில் நின்றது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன்மேல் நடந்தேன், அவ்வளவு அழகாக இருந்தது. கட்டட வேலையைப் பார்த்துக்கொண்ட அறக்கட்டளை இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சென்னைக்காரர், லேசில் பாராட்டுகிற ஆள் இல்லை. அவரே குனிந்து தளத்தைத் தொட்டுப் பார்த்து, "இவங்கள விட்றாதீங்க சேகர்" என்றார்.

அதனால் புல் நடுகையும் அவர்களிடமே கொடுத்தேன். பெண்கள் வரிசை பிடித்து நாற்று நடுகிற மாதிரி பெர்முடா புல்லின் துண்டுகளை நட்டுக்கொண்டு போனார்கள். இரண்டு மாதத்தில் தரை மூடிவிட்டது. அதில் ஒரு விசேஷம். நான் கணக்குப் போட்டிருந்த தண்ணீரில் பாதிதான் தேவைப்பட்டது. ஒரு நாள் விட்டால் மூன்று நாளைக்கு ஈரம் காயவில்லை. "பாய், இனிமே ரெண்டு லோடு போதும்" என்று நான் கர்வத்தோடு சொன்னேன். மண்ணை அப்படித் தயார் செய்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர் ஏன் கீழே போகவில்லை என்று என்னை நானே ஒரு தடவைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு வேலை எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக நடந்தால் அப்போதுதான் சந்தேகப்பட வேண்டும். பயிற்சி வகுப்பில் இதைச் சொல்கிறார்களா என்று தெரியவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. அந்த வருஷ மழையை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். முதல் நாள் மழை விட்டதும் போய்ப் பார்த்தேன். மைதானம் முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர். சரி, வடிந்துவிடும் என்று டீ குடிக்கப் போனேன். மறுநாளும் அதே அளவு. மூன்றாம் நாளும் அதே அளவு. ஓரத்தில் வடிகால் குழாயின் வாய் இருக்கிறது, அதில் கையை விட்டுப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. உடனே இன்ஜினியருக்கு ஃபோன் போட்டேன்.

நான்காம் நாள் இன்ஜினியர் வந்தார். தேசிங்குவைக் கூப்பிட்டு ஓர் இடத்தில் தோண்டச் சொன்னார். தேசிங்கு கடப்பாரையால் மேல் மண்ணை விலக்கி, செம்மண்ணைக் குத்தினார். நங்கென்று சத்தம் வந்தது. நாலைந்து குத்தில்தான் அது உடைந்தது. உடைந்ததும் குழியில் நின்ற தண்ணீர் மளமளவென்று மணலுக்குள் போய்விட்டது. இன்ஜினியர் உடைந்த துண்டு ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டுச் சில்லு மாதிரி இருந்தது.

"யாரு இத இப்படி மிதிச்சது?" என்று என்னைக் கேட்டார்.

நான் பதில் சொல்ல எடுத்துக்கொண்டது ஒரு மூச்சு நேரம்கூட இருக்காது. அந்த ஒரு மூச்சில் எனக்குத் திறப்பு விழா ஞாபகம் வந்தது, நிரந்தர வேலை ஞாபகம் வந்தது, சென்னையில் விட்டுவிட்டு வந்த பழைய வேலை ஞாபகம் வந்தது.

"எனக்குத் தெரியாம பண்ணிட்டாங்க சார். உப்பளத்துப் பழக்கம்" என்றேன்.

தேசிங்கு பத்தடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அப்படிப் பார்க்கவில்லை. நான் சொன்னது அவருக்குச் சரியாகக் காதில் விழுந்ததா என்று யோசிப்பவர் போல நின்றார். பிறகு கடப்பாரையைக் கோல் போஸ்டில் சாய்த்து வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இன்ஜினியர், "இனிமே இவங்க இங்க வேணாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் கேட்டை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். கோவிந்தம்மாவும் மற்றவர்களும் பின்னால் போனார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன்.

அடுத்த சில நாட்கள் என்னென்னவோ செய்து பார்த்தேன். பம்பு வைத்து இறைத்தேன். இறைக்க இறைக்க மழை நிரப்பியது. புதிதாகக் கூட்டிவந்த ஆட்கள் கண்ட இடத்தில் குத்தி, புல்லை மிதித்துச் சேறாக்கினார்கள். புல்லின் அடி வெளுக்க ஆரம்பித்தது. இன்ஜினியர் பொறுமை இழந்து, "ஜேசிபி வச்சு மொத்தத்தையும் வாரிட்டு மறுபடி போட்றலாம்" என்றார். வாரிப் போட்டால் பொங்கலுக்குள் புல் வராது. அது அவருக்கும் தெரியும். வேறு வழி தெரியாமல்தான் சொன்னார்.

டேங்கர் பாய் பம்புக்கு டீசல் கொண்டுவந்தவர் என் பக்கத்தில் வந்து நின்றார். வழக்கமான கேலி இல்லை.

"சார், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே. டீக்கடைல பேசிக்கிறாங்க. தேசிங்கு கோஷ்டி மைதானத்த நாசம் பண்ணிட்டாங்க, தொரத்தி வுட்டுட்டாங்கன்னு. தை பொறந்தா உப்பளத்துல பாத்தி வேல ஆரம்பம். இந்த வாட்டி அவங்கள கூப்பட்றதுக்கு யோசிக்கிறாங்களாம். பாவம் சார், வருஷம் பூரா அத நம்பித்தான கீறாங்க."

"யாரு யோசிக்கறாங்க?"

"எல்லாருந்தான். கெட்ட பேரு வந்துட்சுன்னா, எதுக்கு வந்துச்சுன்னு எவன் சார் கேக்கறான்?"

அன்று மத்தியானம் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர்கள் ஊருக்குப் போனேன். உப்பளத்தை ஒட்டிய சின்ன ஊர். அந்தப் பன்னிரண்டு நாளும் அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த வேலையைத்தான் அவர்கள் செய்தார்கள், அதுவும் நான் சொல்லித்தான் செய்தார்கள் என்பது வழியெல்லாம் என்னைக் குத்திக்கொண்டே வந்தது. ஆனாலும் மனசின் ஒரு மூலையில், இன்ஜினியரிடம் எதுவும் சொல்லாமலே இவர்களைத் திரும்ப வரவழைத்துவிடலாம் என்ற கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது. மனுஷ புத்தி.

தேசிங்கு வீட்டு வாசலில் உட்கார்ந்து பலகையின் பிடியைச் செதுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். கோவிந்தம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "உக்காருங்க சார். மழைல வந்துருக்கீங்க" என்று டீ போட உள்ளே போனார். அந்த மரியாதை எனக்குச் செருப்படியாக இருந்தது.

"தேசிங்கு, ஒரு பத்து நாள் வந்து சரி பண்ணிக் குடுங்க. எப்படி மிதிச்சீங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும். எங்க ஒடைக்கணும்னும் உங்களுக்குத்தான் தெரியும்" என்றேன்.

அவர் செதுக்கிய பிடியைத் தடவிப் பார்த்தபடி சொன்னார். "ஒழுகற பாத்தி போட்டேன்னு என்ன இதுவரைக்கும் ஒருத்தன் சொன்னது கெடையாது சார். ஒழுகாத பாத்தி போட்டதுக்குத் தொரத்துனது நீங்கதான் மொதல் ஆளு."

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

கோவிந்தம்மா டீயைக் கொடுத்துவிட்டு எதிரில் நின்றார். "அவரு வந்து கேட்டாரில்ல சார், நிக்கணுமா எறங்கணுமான்னு. நீங்க அப்படியே போடுன்னீங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன். நாங்க இன்னா, எங்க இஷ்டத்துக்கா மிதிச்சோம்?"

"இல்லம்மா. நான்தான் சொன்னேன்."

"இங்க சொல்றீங்க. அங்க சொல்லலியே."

தேசிங்கு அவரைக் கையமர்த்தினார். "வர்றோம் சார். கூலிக்காக இல்ல. அந்தத் தளம் நாங்க போட்டது, அது கெட்டுக் கெடந்தா எங்களுக்கும் நல்லா இல்ல. ஆனா எங்க கிட்ட அப்படியே போடுன்னு சொன்னத இன்ஜினியர் சார் எதிர்ல நீங்களே சொல்லிடுங்க. எங்க ஆளுங்க பதினெட்டுப் பேரும் நிப்பாங்க. அவங்க காது கேக்க சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

மறுநாள் காலை நான் மைதானத்துக்குப் போனபோது ஜேசிபி கேட்டுக்கு வெளியே வந்து நின்றுகொண்டிருந்தது. இன்ஜினியர் அதன் டிரைவரிடம் எங்கிருந்து வார ஆரம்பிப்பது என்று கைகாட்டிக்கொண்டிருந்தார். பதினெட்டுப் பேரும் பார்வையாளர் படிக்குக் கீழே ஒதுங்கி நின்றார்கள்.

"சார், வண்டிய நிறுத்தச் சொல்லுங்க. அன்னிக்கு நான் சொன்னது பொய். இவங்க என் கிட்ட கேட்டாங்க, தண்ணி நிக்கணுமா எறங்கணுமான்னு. நான் ஃபோன் பேசிட்டே, உப்புப் பாத்தி மாதிரியே போடுங்கன்னு சொன்னேன். மிதிக்கிறப்ப பன்னெண்டு நாளும் பக்கத்துலயே நின்னு பார்த்து ரசிச்சேன். தப்பு முழுக்க என்னுது" என்றேன். குரல் கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டது. ஜேசிபி டிரைவர்கூட இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டார்.

இன்ஜினியர் என் பக்கம் திரும்பினார். "இத அன்னிக்கே சொல்லியிருந்தா ஒன்பது நாள் மிச்சமாயிருக்கும்" என்றார். அவ்வளவுதான். பிறகு, "உங்க வேலையப் பத்தி நான் ஒண்ணும் உறுதி சொல்ல முடியாது சேகர். மேல எழுதத்தான் வேணும்" என்றார். எழுதினார். எனக்கு மேலே வேறொருவரைத் தலைவராகப் போட்டார்கள். அந்த நிரந்தர வேலை எனக்கு வர இன்னும் மூன்று வருஷம் ஆயிற்று. அதை இங்கே சொல்வது அனுதாபத்துக்காக இல்லை. உண்மை சொன்னால் எல்லாம் உடனே சரியாகிவிடும் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக.

பத்து நாள் கேட்டு வாங்கினேன். தேசிங்கு முதலில் ஓரத்தில் ஒரு மடை வெட்டி மேல் தண்ணீரை வெளியே விட்டார். உப்பளத்தில் தண்ணீரைத் தள்ளித் தள்ளிப் பழகிய கை, பம்பு செய்யாததை அரை நாளில் செய்தது. இதற்கு முந்திய ஆட்கள் மாதிரி யாரும் புல்லில் நேராகக் கால் வைக்கக் கூடாது என்று நான் பலகைகள் கொண்டுவந்து போட்டேன். அந்தப் பலகைகளில் நின்றபடி, அவரவர் மிதித்த தடத்தை அவரவரே பிடித்துக்கொண்டு, முழத்துக்கு ஒன்றாகக் கடப்பாரையால் குத்திக்கொண்டே போனார்கள். ஒருவர் தடமும் அடுத்தவர் தடமும் சேரும் இடத்தில் மண் இரட்டை மிதி பட்டிருக்கும், அங்கே நெருக்கமாகக் குத்த வேண்டும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொரு துளையிலும் பருமணலைக் கொட்டி நிரப்பினார்கள். நானும் ஒரு கடப்பாரை எடுத்துக்கொண்டேன். முதல் நாளே உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. கோவிந்தம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஃபோனு புடிச்ச கைதான சார்" என்றார். அன்றுதான் அவர்கள் எல்லாரும் என்னோடு மறுபடி சிரித்தார்கள்.

வேலை முடிந்த மறுநாளே நல்ல மழை. பார்வையாளர் படியில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். மழை விட்டுக் கொஞ்ச நேரத்தில் வடிகால் குழாயின் வாயில் முதலில் கலங்கலாக, பிறகு தெளிவாகத் தண்ணீர் வந்தது. தேசிங்கு இறங்கிப் போய் அதில் கையைக் காட்டி முகம் கழுவிக்கொண்டார். நான் இன்ஜினியருக்குச் சொல்லி அனுப்பினேன்.

மைதானம் பிழைத்தது. ஆனால் டீக்கடையில் மைதானம் கெட்ட கதைதான் ஓடியது, பிழைத்த கதை ஓடவில்லை. புல் வேலைக்கு அவர்கள் பதினெட்டுப் பேரும் என்னோடே இருந்தார்கள், மார்கழி பாதி ஆயிற்று. உப்பளத்திலிருந்து யாரும் தேசிங்குவைத் தேடி வரவில்லை. அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோவிந்தம்மாதான் புல் வெட்டியதைக் கூட்டிக்கொண்டே, "இந்நேரம் ஆளு வந்துருக்கணும் சார்" என்று ஒரு நாள் சொன்னார்.

திறப்பு விழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது வயதான ஓர் உப்பளக்காரர் டிவிஎஸ் ஐம்பதில் வந்து இறங்கினார். பெரிய உப்பளம் அவருடையது. தேசிங்கு கோஷ்டி தூரத்துக் கோல் போஸ்ட் பக்கம் வேலையாக இருந்தது. அவர் என்னிடம் நேராக வந்தார்.

"தம்பி, இந்தத் தேசிங்கு இங்க இன்னாமோ பண்ணிட்டான்னு வெளில பேச்சா இருக்குது. மைதானம் கெட்டுப் போச்சாமே. நெசந்தானா?"

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். அந்தப் பதினெட்டுப் பேர் இல்லாமல் அந்த எட்டு நாள் வேலையை என்னால் முடிக்க முடியாது. புல் வெட்ட வேண்டும், தேய்ந்த இடம் ஒட்ட வேண்டும், கோடு போட வேண்டும். எனக்கென்ன தெரியும் என்கிற மாதிரி நான் தோளைக் குலுக்கியிருந்தால் போதும், பெரியவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போயிருப்பார். பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களும் என்னோடே இருந்திருப்பார்கள்.

"நெசந்தான் ஐயா. மழைத் தண்ணி நின்னு போச்சு" என்றேன்.

"எத்தினி நாளு நின்னுச்சு?"

"ரெண்டு வாரம். மடை வெட்டி வுட்ற வரைக்கும் ஒரு சொட்டு கீழ எறங்கல. அடியில ரெண்டு அடி ஆத்து மணல் ஐயா. மணலுக்கு மேல ஒரு சாண் மண்ணு, அத மிதிச்சே அப்படி நிறுத்திட்டாங்க. நான்தான் விவரம் இல்லாம மைதானத்துல பாத்தி போடச் சொல்லிட்டேன்."

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மணலுக்கு மேலயா?"

"மணலுக்கு மேல ஐயா."

அவர் அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, மைதானத்தின் ஓரமாகச் சுற்றிக்கொண்டு கோல் போஸ்டுக்கு நடந்தார். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. தேசிங்கு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதும், கோவிந்தம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்ததும் மட்டும் தெரிந்தது.

பெரியவர் போனபின் தேசிங்கு என்னிடம் வந்தார். "நாளைக்கே வரச் சொல்றாரு சார். அவரு அளம் முச்சூடும் நாங்கதான் போடணுமாம்." பிறகு தயங்கினார். "மேட்ச் முடியற வரைக்கும் இருந்துட்டுப் போவட்டா?"

"வேணாம். நாளைக்கே போங்க" என்றேன். நான் அவ்வளவு சீக்கிரம் பதில் சொல்வேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். நானும் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் காலை மைதானத்தில் நான் ஒருவன்தான். இன்ஜினியர் வந்து சுற்றும் முற்றும் பார்த்து, "எங்க உங்க ஆளுங்க?" என்று கேட்டார். சொன்னேன். ஏழு நாளில் ஆட்டத்தை வைத்துக்கொண்டு இப்படிச் செய்வார்களா என்று திட்டினார், நியாயமாகத்தான் திட்டினார். திட்டி முடித்ததும் கோடு போடும் கயிற்றின் ஒரு முனையை எடுத்துக்கொண்டு எதிர் மூலைக்கு நடந்தார். வெயிலில் கயிற்றை இழுத்துப் பிடித்தபடி அங்கிருந்து, "அந்த ஆளு போட்ட பாத்தி நெசமாவே அவ்வளவு நல்லதா?" என்று கத்திக் கேட்டார்.

"உங்க கையால தொட்டுப் பாத்தீங்களே சார்" என்றேன்.